சீனக்குடா ஓடுபாதையும் ஒரு பித்தளை வில்லையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் பற்றி சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். 99 குதங்கள், 2003இல் போட்ட ஒப்பந்தம், 2022இல் போட்ட ஒப்பந்தம், யாருக்கு எத்தனை குதம் என்று எல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் குதங்களுக்குப் பக்கத்தில் கிடக்கும் சீனக்குடா விமானத்தளத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான். “இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் பயன்படுத்தியது” என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரி இரண்டு மூன்று நாளாக மனதை உறுத்திக்கொண்டே இருந்தபடியால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொண்டு பிரசுரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு 72 வயது. புகையிரதத் திணைக்களத்தில் 34 வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஏழு வருடமும் சீனக்குடா நிலையத்தில். என் அப்பா 1944இல், தன் 19ஆவது வயதில், அந்த ஓடுபாதையில் கூலிக்கு வேலை செய்தவர். அவருடைய பித்தளை வில்லை இப்போதும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. பழைய ஒரு ரூபாய்க் குத்தியை விடச் சற்றுப் பெரிது. மேலே கயிறு கோக்க ஓர் ஓட்டை, நடுவில் 1143 என்று அடித்த இலக்கம். காலையில் வாசலில் அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள், மாலையில் அதைப் பார்த்துத்தான் வரவு இடாப்பில் பதிவார்கள். “அங்கே எனக்குப் பெயர் இல்லை, 1143தான்” என்று அப்பா சொல்லுவார். அதைக் குறையாகச் சொன்னதில்லை. அந்த வில்லையைச் சாகும்வரை புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தார்.

அப்பாவின் கதைக்கு முன் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். அது 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. நான்கு நாளுக்கு முன், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுவிட்டன என்ற செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. ஆனாலும் வருடப்பிறப்பு நெருங்கியிருந்தபடியால் ஆச்சி பலகார வேலையை விடவில்லை. பயற்றம் பணியாரத்துக்கென்று பயறு வறுத்து, சுளகில் ஆறப் போட்டிருந்தாராம். காலை ஏழரை மணி இருக்கும். கடல் பக்கமிருந்து இரைச்சல் வந்தது. ஆச்சி சுளகை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பலகாமம் பக்கம் ஓடினார். வழியெல்லாம் சனம். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் தலைச்சுமையோடும், கந்தளாய்க் காட்டுப் பக்கம் போனவர்கள் எத்தனையோ பேர். திரும்பிப் பார்த்தால் சீனக்குடாப் பக்கம் கறுப்புப் புகை. ஒரு ஜப்பான் விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் விழுந்து, குதம் நாள் கணக்காக எரிந்தது. 91ஆம் இலக்கக் குதம் என்று இன்றைக்கும் காட்டுவார்கள். உருகிச் சுருண்ட அதன் இரும்பை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தபோது சுளகு திண்ணையிலேயே இருந்ததாம். பயறு மட்டும் இல்லை, அணில் தின்றுவிட்டது. அம்மா அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்தச் சுளகில்தான் வந்து நிற்பார்.

தரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மேலே நடந்ததை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தேடித் தேடி வாசித்து அறிந்தேன். அன்று சீனக்குடாவிலிருந்து எழும்பியவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள். வந்த விமானங்களின் தொகைக்கு முன்னால் அவை சொற்பம். குறைந்தது எட்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், அன்று பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் இறந்தார்கள்.

அதே நாளில், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இருந்து 11ஆம் அணியின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டன. பந்தயத் திடலையே விமானத்தளமாக்கி வைத்திருந்த காலம் அது. ஒன்பது விமானங்கள் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டுபிடித்து, அதன் தலைமைக் கப்பலான அக்காகிக்கு மிக அருகில் குண்டுகளைப் போட்டன. பேர்ள் ஹாபரைத் தாக்கிவிட்டு வந்த அந்தக் கப்பற்படையின் மேல் அதுவரை யாரும் குண்டு போட்டதில்லை. ஒன்றும் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. ஒரு பிளென்ஹைமில் மூன்று பேர் இருப்பார்கள். கணக்கை நான் போட்டுக் காட்டத் தேவையில்லை. இன்று அந்தத் திடலின் பார்வையாளர் மண்டபத்தில் கடைகள் இருக்கின்றன. மகளோடு ஒரு முறை அங்கே போயிருந்தேன். அவள் கடைக்குள் நின்ற நேரமெல்லாம் நான் வெளியே புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் புல்லில் ஓடித்தானே எழும்பினார்கள் என்பதைத் தவிர வேறு நினைவு வரவில்லை.

சரி, அப்பாவின் கதைக்கு வருகிறேன்.

1944ஆம் வருடத் தொடக்கத்தில் சீனக்குடா ஓடுபாதையை நீட்ட வேலை தொடங்கியது. எதற்கு என்று கூலியாட்களுக்கு யாரும் சொல்லவில்லை. கல் உடைக்க, மண் சுமக்க, தார் காய்ச்ச என்று ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தார், மூதூரார், கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் பொடியன்கள், தெற்கிலிருந்து வந்த சிங்களவர் என்று எல்லோரும் ஒரே வாடியில் படுத்தார்களாம். தார் வேலைக்குக் காலில் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்பாவின் இடது புறங்காலில் தார் பட்டுச் சுட்ட வடு, ஒரு புளியங்கொட்டை அளவில், கடைசிவரை இருந்தது. ஓடுபாதை 7,200 அடிக்கு நீண்டது.

ஓகஸ்ட் 9ஆம் திகதி பின்னேரம் அந்த வேலைக்கு அர்த்தம் தெரிந்தது. வங்காளத்திலிருந்து அமெரிக்கர்களின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கத் தொடங்கின. அப்படி ஒரு விமானத்தை இந்தத் தீவில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. ஒரு செட்டையின் நுனியிலிருந்து மறு நுனிக்கு 141 அடி. நாலு எஞ்சின். ஒன்றுக்குப் பதினொரு பேர். “எங்கள் வாடி முழுவதையும் ஒரு செட்டைக்குக் கீழே கட்டியிருக்கலாம்” என்பார் அப்பா. மறுநாள் பின்னேரம் 54 விமானங்கள் எழும்பின. போன இடம் சுமாத்திராவில் உள்ள பலெம்பாங். ஜப்பானின் விமானங்களுக்குப் பெற்றோல் கொடுத்த பெரிய சுத்திகரிப்பாலை அங்கேதான் இருந்தது. போய்வர 3,855 மைல், ஏறத்தாழ 19 மணி நேரம். அதுவரை எந்தக் குண்டுவீச்சு விமானமும் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போரிடப் போய் வந்ததில்லை. எண்ணெயை அவ்வளவு சுமக்க வேண்டியிருந்ததால் ஒரு விமானத்துக்கு ஒரு தொன் குண்டுதான் ஏற்ற முடிந்தது. ஒரு விமானம் எண்ணெய் ஒழுகுகிறது என்று முக்கால் மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்தது. அவசர அவசரமாகத் திருத்தினார்கள். அதே விமானம் மறுபடி எழும்பி மற்றவற்றின் பின்னால் போனது. இந்தச் சங்கதியைப் பிறகு அச்சில் வாசித்தபோது அப்பாவுக்குச் சொன்னேன். “அதுதானே, ஒன்று பிந்திப் போனது, நான் கண்டேன்” என்றார். ஐம்பது வருடத்துக்கு முன் கண்டதை நேற்றுக் கண்டது போலச் சொன்னார்.

அங்கே போனதும் ஒரு பகுதி விமானங்கள் சுத்திகரிப்பாலையின் மேல் குண்டு போட்டன. எட்டு விமானங்கள் மிகத் தாழப் பறந்து மூசி ஆற்றில் கண்ணிவெடிகளைப் போட்டன. ஆலைக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால் ஆற்று வழியாக ஏறத்தாழ ஒரு மாதம் எண்ணெய் கொண்டுபோக முடியாமல் போனது. திரும்பி வரும் வழியில் ஒரு விமானம் எண்ணெய் தீர்ந்து, சீனக்குடாவுக்குக் கிட்டத்தட்ட 90 மைல் தூரத்தில் கடலில் இறங்கியது. மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள். துப்பாக்கி வீரர் ஒருவர் மட்டும் இறந்துபோனார். அதற்குப் பிறகு பி-29கள் எங்கள் ஊரிலிருந்து தாக்கப் போகவில்லை. அவ்வளவு பாடுபட்டு நீட்டிய ஓடுபாதையில் அந்த ஒரு தாக்குதல்தான்.

இனி அப்பா கண்டது. 11ஆம் திகதி அவருக்கும் இன்னும் சிலருக்கும் இளநீர் குலைகளைக் கொண்டுபோய்க் கொட்டிலில் இறக்கி வைக்கிற வேலை. விமானங்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. ஒன்று இவர்கள் நின்ற இடத்துக்குச் சமீபமாக வந்து நின்றது. எஞ்சின் நின்ற பிறகும் காதுக்குள் இரைச்சல் நிற்கவில்லையாம். மூக்குப் பக்கத்துச் சக்கரத்துக்கு மேலே இருந்த கதவைத் திறந்துகொண்டு ஒவ்வொருவராக ஏணியால் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவன் அப்பாவின் வயதுக்காரன், மெல்லிய பொடியன். நிலத்தில் கால் வைத்ததும் நிற்க முடியவில்லை. அப்படியே சக்கரத்தின் நிழலில் இருந்துவிட்டான். அப்பா ஒரு செவ்விளநீரைச் சீவி, கண்ணைத் திறந்து, கிட்டப் போய் நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். கை நடுங்கி, பாதித் தண்ணீர் கழுத்து வழியே ஊற்றி உடுப்பெல்லாம் நனைந்தது. அப்பா குந்தி இருந்து, கோம்பையின் அடியில் தன் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். மூன்று இளநீர் குடித்தான். குடித்து முடித்துவிட்டு அப்பாவின் நெஞ்சில் தொங்கிய பித்தளை வில்லையை விரலால் தூக்கிப் பார்த்தான். பிறகு தன் சட்டைக்குள் கையை விட்டு, சங்கிலியில் கோத்திருந்த இரண்டு தகட்டு வில்லைகளை எடுத்துக் காட்டினான். அதிலும் இலக்கம் அடித்திருந்தது.

ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பெரிய லொறி ஒன்று வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அப்பா அவனைப் பிறகு காணவில்லை.

என் சிறு வயதிலிருந்து இந்தக் கதையை நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஒரு முறை கூட அப்பா அந்தப் பொடியனை வெள்ளைக்காரன் என்றோ அமெரிக்கன் என்றோ சொன்னதில்லை. “அந்தப் பிள்ளை” என்றுதான் சொல்லுவார்.

ஐயா, இதை எழுதும்போது எனக்கு ஒரு தயக்கமும் இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் சனத்துக்குக் குண்டுவீச்சு விமானம் என்றால் 1942இன் நினைவோ 1944இன் நினைவோ வராது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் விமானங்கள் குண்டு போட்டபோது, கொட்டியாரக் குடாவுக்கு இக்கரையில் உவர்மலையில் எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. அம்மாவுக்கு அப்போது 73 வயது. அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டி இருந்துகொண்டு என்னைக் கேட்டார்: “தம்பி, இன்றைக்கு வியாழக்கிழமையா?” அது செவ்வாய்க்கிழமை. அவருக்கு அந்தச் சத்தம் கேட்டால் வியாழக்கிழமைதான். அப்படிப்பட்ட வீடுகள் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ இருக்கின்றன. அவர்களிடம் போய் விமானமோட்டிகளை நினைவுகூருவோம் என்று சொன்னால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். அது நியாயம். பலெம்பாங்கிலும் ஓர் ஆச்சி சுளகை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஓடியிருப்பார்.

ஆனால் அதற்காக அந்தப் பொடியன்களை இல்லாதவர்களாக்கிவிட முடியுமா? பிளென்ஹைமில் போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பவில்லை. கடலில் போனவர்களுக்குக் கல்லறையும் கிடையாது. பிரித்தானிய விமானப்படையைச் சேர்ந்தவர்களாக இருந்தால் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கும். அவர்களோடு எங்கள் அப்பாக்களும் பெரியப்பாக்களும் ஒரே வெயிலில் நின்றிருக்கிறார்கள். அவர்கள் எழும்பிய தார்ப்பாதை இவர்கள் காய்ச்சி ஊற்றியது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல இன்றைக்குச் சீனக்குடாவில் என்ன இருக்கிறது? தளம் விமானப்படையிடம் இருக்கிறது, உள்ளே யாரும் நினைத்தபடி போக முடியாது, அதில் எனக்குக் குறை இல்லை. நான் கேட்பது வெளியே. பொதுச்சனம் போய்வருகிற இடத்தில், தமிழில், இதைச் சொல்லும் ஒரு பலகையை இந்த 72 வருடத்தில் நான் கண்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் இதைப் பற்றி ஒரு காரியாலயத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. நேரில் போனேன். இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தார். “ஐயா, இது வெள்ளைக்காரன்ட சண்டை, எங்களுக்கு என்னத்துக்கு?” என்று கேட்டார். நான் வில்லையை எடுத்து அவருடைய மேசையில் வைத்தேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தந்துவிட்டார். கோப்பு எங்கே போனதோ தெரியாது. அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பிளாசி யுத்தம் எந்த ஆண்டு என்று கேட்டால் அவர் சொல்லுவார். தன் ஊரிலிருந்து நாலு மைலில் நடந்தது தெரியாது.

எனவே உங்கள் பத்திரிகை மூலம் இரண்டு காரியம் கேட்கிறேன்.

சீனக்குடா புகையிரத நிலையத்தின் வெளிச்சுவர் வீதியைப் பார்த்தபடி இருக்கிறது. ஏழு வருடம் அந்தச் சுவரைப் பார்த்தவன் சொல்கிறேன், ஒரு பலகை வைக்க அதை விட நல்ல இடம் கிடையாது. வண்டிக்குக் காத்திருக்கிற சனம் சும்மா நிற்கிற நேரத்தில் வாசிக்கும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பத்து வரி போதும். 1942 ஏப்ரல் 9 அன்று என்ன நடந்தது, 1944 ஓகஸ்ட் 10 அன்று என்ன நடந்தது, எத்தனை பேர் போனார்கள், ஓடுபாதையை நீட்டியது யார். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடக் கூடாது. செலவுக்கு அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டும் என்றில்லை. அனுமதி கிடைத்தால் என் ஓய்வூதியத்திலிருந்து நானே ஒரு பங்கு தருவேன், ஊரில் இன்னும் நாலைந்து பேர் சேருவார்கள்.

இரண்டாவது, வாசகர்களிடம். சீனக்குடாவில் மட்டுமல்ல, போர்க்காலத்தில் வவுனியாவில், மின்னேரியாவில், சீகிரியாவில், பலாலியில் எல்லாம் விமானத்தளங்கள் இருந்தன. பலாலியிலிருந்து லிபரேட்டர் என்ற பெரிய விமானங்கள் கடலுக்கு மேல் நெடுந்தூரம் போய் வந்தன. அங்கெல்லாம் கல் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், லொறி ஓட்டியவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களில் இப்போது யாரும் மிஞ்சியிருப்பது அரிது. ஆனால் பிள்ளைகள் இருக்கிறோம், எங்களுக்கும் எழுபது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இப்படி ஒரு வில்லையோ சம்பளத் துண்டோ மங்கிய படமோ இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவாக இருப்பது, போர் முடிந்த பின் பெரியப்பா ஏலத்தில் எடுத்த, ஓடுபாதையில் விரிக்கிற ஓட்டை போட்ட இரும்புத் தகடு. எழுபது வருடத்துக்கு மேலாக உப்புக் காற்றில் நிற்கிறது, இன்னும் உக்கவில்லை. ஓட்டைகளுக்குள்ளால் மல்லிகைக் கொடி ஏறிவிட்டது. போன வருடம் மருமகன் அதைக் கழற்றிவிட்டுப் புதுக் கதவு போடுவோம் என்றான். தகட்டின் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவனே கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி எண்ணெய் பூசி வைத்தான். கதை தெரிந்தால் பிள்ளைகள் வைத்துக்கொள்வார்கள். அப்பா அம்மா சொன்னதை ஒரு கொப்பியில் எழுதியாவது வையுங்கள். உங்கள் பத்திரிகை கிழமைக்கு ஒன்றாவது அப்படியான கடிதங்களைப் போட்டால் பெரிய உதவி.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 9ஆம் திகதியும் ஓகஸ்ட் 10ஆம் திகதியும் நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வருகிறேன். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு அந்த இடத்தை மிக வடிவாக வைத்திருக்கிறது. இருபது வயது, இருபத்திரண்டு வயது என்று செதுக்கியிருக்கும். நான் பூ கொண்டுபோவதில்லை. ஒரு செவ்விளநீர் கொண்டுபோய், அங்கே சீவி, நிலத்தில் ஊற்றிவிட்டு வருவேன். அங்கு வேலை செய்கிறவர்களுக்கு இப்போது பழகிவிட்டது, கத்தியைக் கண்டால் பயப்படுவதில்லை.

இந்த ஓகஸ்டிலும் போவேன். வர விரும்புகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வாசலுக்கு வந்தால் சேர்ந்து போகலாம். எட்டரைக்குப் பிறகு வெயில் ஏறிவிடும், அங்கே நிழல் குறைவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர்,
உவர்மலை, திருகோணமலை.